பத்தாவது மைலில் நின்ற வண்டி

ஒரே உதையில் பிடித்துக்கொள்ளும். அதுதான் அந்த வண்டியின் அயோக்கியத்தனம். கொட்டகை ஓடெல்லாம் அதிர உயிர் வந்து, புறப்படலாம் என்று எனக்கு நம்பிக்கை கொடுத்து, ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டி, சட்டை முதுகில் உப்பி நான் வாய்விட்டுப் பாடத் தொடங்குகிற நேரம் பார்த்து இரண்டு தரம் இருமும். மூன்றாவது இருமலில் நின்றுவிடும். சில நாள் எட்டாவது மைலில். சில நாள் பதினொன்றில். பெரும்பாலும் பத்தில்.

இது நடந்து ஆறேழு வருஷம்தான் ஆகிறது. அறுபதுகள் முடிகிற சமயம். பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கி எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய். எனக்கு உட்காரவே வராது. காரைக்குடியில் எந்தப் பட்டறையில் யார் எஞ்சினைப் பிரித்தாலும் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். அங்கே வேலை முடிவதற்குள் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவேன்.

அப்பாவுக்குத் தச்சு வேலை. அந்த வருஷம் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில் நிலை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பழுது பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. எனக்குப் பங்குனி வரை தவணை கொடுத்தார். "பங்குனி முடியட்டும். வேலை கெடைச்சா போ. இல்லேன்னா உளியப் பிடி," என்றார். உளி பிடிப்பது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் தலைவாசல் கதவு ஒன்றுக்கே அவர் மூன்று மாதம் சொல்லியிருந்தார். மூன்று மாதம் ஒரே கதவுக்கு முன்னால் நான் இருப்பது என்பதை நினைத்தாலே எனக்குக் கால் அரித்தது.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், அந்த வீட்டின் பின்கட்டுக் கார் கொட்டகையில் சாக்குகளுக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தேன். உலகச் சண்டைக் காலத்துக்கு முந்திய சீமை மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர். வீட்டுக்காரர் மலேயாவில் இருந்தார். கடைசியாக ஊருக்கு வந்தபோது ஓட்டியது, அப்புறம் யாரும் தொடவில்லை. வீட்டை ஆண்டுகொண்டிருந்தது அவர் மனைவி, ஆச்சி. வாசலில் நடப்பதை இரண்டாம் கட்டில் இருந்தபடியே சொல்லிவிடுகிற காது அவருக்கு. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவுக சித்திரையிலதான் வாராக. அதுவரைக்கும் அது கெடந்தா என்ன, ஓடுனா என்ன. ஓட வச்சியன்னா ஓட்டிக்க தம்பி," என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஆசாரியாரே, நீங்க கதவ மாட்டுறதுக்குள்ள ஒங்க மகன் கொட்டகையப் பிரிச்சுருவான் போலயே," என்றார்.

ஓட வைத்தேன். பத்து மைல் ஓட வைத்தேன்.

அந்தக் காலத்து வண்டிக்கு பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ என்று கையடக்கமாக ஒன்று இருக்கும். எஞ்சின் சுற்றும்போது அதுவும் சுற்றித் தானே மின்சாரம் உண்டாக்கும். அதன் முனையில் வட்டமாக ஒரு மூடி. மூடிக்குள்ளே உளுந்தளவில் எதிரெதிராக இரண்டு பொட்டுகள். பாயிண்ட் என்பார்கள். அவை தொட்டுப் பிரிகிற ஒவ்வொரு தடவையும் பிளக்கில் ஒரு பொறி தெறிக்கும். அந்தப் பொறியில்தான் பெட்ரோல் வெடிக்கிறது, வண்டி ஓடுகிறது. பாயிண்ட் வெள்ளையாக இருக்கிறவரை கவலை இல்லை. கறுத்தால் பொறி இல்லை. பொறி இல்லையென்றால் நூற்றைம்பது கிலோ இரும்பைத் தள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான்.

வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்தால் பாயிண்ட் கறுத்திருக்கும். கைக்குட்டை முனையை பெட்ரோலில் நனைத்துத் துடைப்பேன். ஒரு போஸ்ட் கார்டைக் கிழித்து இடையில் விட்டு உருவுவேன். உதைத்தால் பிடித்துக்கொள்ளும். கொத்தமங்கலம் வரை ஒரு தடுமாற்றம் இல்லாமல் வந்து சேரும். வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளாது. சாலையோரத்தில் செய்தது ஒப்புக்குச் செய்த வேலைதானே, ஒழுங்காகச் செய்வோம் என்று அப்பாவின் சாமான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி திறப்பேன். சன்ன அரத்தால் இரண்டு பொட்டையும் கண்ணாடி போலத் தேய்ப்பேன். மண்ணெண்ணெயில் கழுவுவேன். காயவிட்டு, துடைத்து, மூடுவேன். இருட்டான மூலைக்கு வண்டியை உருட்டிப்போய் பிளக்கைக் கழற்றி சிலிண்டர் மேல் கிடத்தி உதைத்துப் பார்ப்பேன். நீலப் பொறி சடசடவென்று தெறிக்கும். நீலம் என்றால் நல்ல பொறி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் பத்தாவது மைலில் நின்றுவிடும்.

புது பிளக் போட்டேன். பிளக் ஒயரை மாற்றினேன். பெட்ரோல் டாங்கைக் கவிழ்த்துக் கழுவினேன். ஒருநாள் ஆத்தங்குடிப் பாதையில், தரைக்கல் போடுகிற ஒரு பட்டறை வாசலில் நின்றுவிட்டது. மணல் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். அதே இடத்தில் மறுவாரமும் நின்றது. அதற்கப்புறம் அவர்களுக்கு நான் தள்ளுவண்டிக்காரன். "இன்னைக்கு என்ன கொண்டாந்திருக்கீக, தக்காளியா, கத்தரிக்காயா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன்.

எனக்கென்று ஒரு முடிவு இருந்தது. கண்டன்சர். பாயிண்ட் தீயாமல் காக்க மேக்னெட்டோவுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பொருள் அது. பழசானால் சூட்டில் செத்துப்போகும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். பத்து மைலில் சூடு. நான் துடைக்கிற கால் மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. அதனால்தான் திரும்பி வருகிறது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. தொடாமல் ஒரு தடவை ஆறவிட்டு உதைத்துப் பார்த்திருந்தால் போதும், கண்டன்சரா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்படி ஆறவிட்டுப் பார்க்கிற ஆள் நான் இல்லை. வண்டி நின்ற நிமிஷம் மூடி என் கையில் இருக்கும்.

மேக்னெட்டோவைக் கழற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன். மோட்டார் காயில் கட்டுகிற ஒருவர் இரண்டு நாள் வைத்திருந்து, அடுப்பில் காட்டிச் சூடாக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். கண்டன்சர் பத்தரைமாற்றுத் தங்கம் என்றார். அவருக்கு வேலை தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். கொண்டுவந்து மாட்டினேன். மாட்டியதும், வழியில் தூசி போயிருக்குமோ என்று மூடியைத் திறந்து ஒரு தடவை எல்லாம் செய்து மூடினேன். ஒன்பதாவது மைல்.

அந்தச் சமயத்தில்தான் சிவகங்கையில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க் ஷாப்பில் எலெக்ட்ரிகல் பிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போர்மேன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் சர்டிபிகேட்டை ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். இந்த மாதத்தில் இது ஏழாவது டிப்ளமா என்றார். என் கையால் எதைச் சரிபண்ணியிருக்கிறேன் என்று கேட்டார். வாய் முந்திக்கொண்டது. பதினைந்து வருஷம் கிடந்த சீமை வண்டியை எழுப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மேக்னெட்டோ வண்டி, கண்டன்சர் மட்டும் கொஞ்சம் தகராறு, அதையும் இந்த வாரம் முடித்துவிடுவேன் என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கி என்னை முதல் தடவையாகப் பார்த்தார். "சர்டிபிகேட்ட உள்ள வையி. அந்த வண்டிய நான் பாக்கணும். வர்ற வெள்ளிக்கெழம பத்து மணிக்கு அதுலயே வா. வந்து சேந்தா பேசுவோம்," என்றார்.

கொத்தமங்கலத்திலிருந்து சிவகங்கை முப்பத்தைந்து மைலுக்குக் குறையாது.

அந்த வாரம் நான் தூங்கவில்லை என்றால் மிகை. தூங்கினேன், தூக்கத்தில் உதைத்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் கடைசித் தடவையாக மூடியைத் திறந்து எல்லாவற்றையும் செய்தேன். அரம், மண்ணெண்ணெய், துடைப்பு. பக்கத்தில் அப்பா அன்றாட வழக்கப்படி வேலையை முடித்துக்கொண்டிருந்தார். அவர் வேலை முடிக்கிற விதம் ஒன்று உண்டு. ஒரு தகர டப்பாவில் நல்லெண்ணெயில் ஊறிய வேட்டித் துணி இருக்கும். உளி, இழைப்புளி அலகு, துளைப்பான் முனை, ரம்பம் என்று ஒவ்வொன்றையும் அந்தத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத்தான் பெட்டிக்குள் வைப்பார். எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்குக்கூட அந்த இழுப்பு உண்டு. கடைசியாக டப்பாவை மூடினார். பங்குனியில் இன்னும் பதினோரு நாள் இருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன். சலவைச் சட்டை, முழுக்கால் சட்டை. பையில் சர்டிபிகேட் கவர், ஒரு திருப்புளி, பிளக் ஸ்பேனர். காரைக்குடியைத் தாண்டும்போது பாடவில்லை. எண்ணிக்கொண்டே போனேன். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. கண்டன்சர் பயந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இருமியது.

ஒரு புளியமரத்தடியில் தள்ளி நிறுத்தினேன். மூடியைத் திறந்தேன். கறுப்பு. கைக்குட்டை, பெட்ரோல். போஸ்ட் கார்டு இல்லை. சர்டிபிகேட் கவரின் ஓரத்தைக் கிழித்து உருவினேன். அவசரத்தில் மூடியின் கிளிப் பட்டென்று தெறித்து முள்ளுக்குள் போய்விட்டது. அதைத் தேடி எடுக்க மூன்று மணி நேரம். பிரித்த இடத்தில் வியர்வை சொட்டாமல் இருக்கச் சட்டையைக் கழற்றி மேலே போட்டிருந்தேன். கடைசியில் கிளிப் என் செருப்புக்கு அடியிலேயே கிடந்தது.

உதைத்தேன். பிடித்துக்கொண்டது. கல்லல் போயிற்று. காளையார்கோவில் போயிற்று. வேகத்தைக் குறைக்கவே இல்லை. எங்கே நிற்கும், எங்கே நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனவனுக்கு சிவகங்கைத் தெரு வந்துவிட்டது தெரியவில்லை. ஒர்க் ஷாப் வாசலில் இறங்கி எஞ்சின்மேல் கை வைத்தேன். கொதித்தது. இருபது மைலுக்கு மேல் ஓடிக் கொதிக்கிறது, நிற்கவில்லை. அப்படியானால் கண்டன்சர்?

மணி பன்னிரண்டு. போர்மேன் இல்லை. வழியில் நின்றுபோன ஒரு பஸ்ஸைப் பார்க்க மானாமதுரைப் பக்கம் போயிருக்கிறார், வர மூன்று மணி ஆகும் என்றார்கள். உட்காரச் சொன்னார்கள்.

என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து மூன்று மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பரீட்சையில்கூட இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுவேன். பக்கத்தில் என் வயசு பிட்டர் ஒருவன் வைஸில் எதையோ கடிக்கவைத்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். ஸ்பேனரை என்னிடம் நீட்டி, "இதச் செத்த பிடிங்க," என்றான். பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டவன் தன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான்.

"தச்சு வீடா?"

எப்படித் தெரியும் என்றேன்.

"எங்குட்டுப் போனாலும் மாற மாட்டீகளா? எங்க பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு தச்சு வீடுதான். இரும்பக் கையில குடுத்தா எண்ணெயத் தடவாமத் திருப்பித் தர மாட்டாக. வழுக்குதுய்யா," என்று ஸ்பேனரைத் தன் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

என் இடது கையில் ஒரு கொத்து எண்ணெய்ப் பஞ்சு இருந்தது. பெஞ்சில் கிடந்ததை நான் எப்போது எடுத்தேன், எப்போது துடைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொட்டகையில் நான் செய்கிற வேலையை மனசுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். மூடியைத் திறக்கிறேன். அரத்தால் தேய்க்கிறேன். மண்ணெண்ணெயில் கழுவுகிறேன். காயவிடுகிறேன். துடைக்கிறேன். எதால் துடைக்கிறேன்? கைக்கு எட்டுகிற இடத்தில் எது இருக்கும்? அப்பாவின் டப்பா. வெள்ளை வெளேரென்று தேய்த்த உலோகத்தை வெறுமையாக விட எங்கள் வீட்டுக் கைக்கு வராது. சின்ன வயசில் துடைக்காமல் வைத்த உளிக்காக முட்டியில் வாங்கிய அடி எனக்கு மறந்திருக்கலாம், முட்டிக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும், கண்ணாடி போலத் தேய்த்த பாயிண்டில் நல்லெண்ணெய் தடவி மூடியிருக்கிறேன். பொறி பறக்கிற இடத்தில் எண்ணெய் இருந்தால் எரியும். எரிந்தால் கரி. கரி சேர்ந்து சேர்ந்து மின்சாரத்தை மறிக்க ஒரு பத்து மைல் ஆகும். டிப்ளமா வாங்கியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாலையில் டப்பா கிடையாது, அதனால் சாலையில் செய்த வேலை நிலைத்தது. வீட்டில் ஒழுங்காகச் செய்த வேலைதான் கெட்டது.

எழுந்து ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. பாதி தூரம் போய்விட்டேன். போர்மேனின் ஜீப் உள்ளே வந்தது.

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கண்டன்சர் தகராறு என்றாயே, மாற்றினாயா என்றார். மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து மைல் வந்து நிற்கிற வண்டி அதற்குச் சாட்சி சொல்லியிருக்கும். யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு மாதமாக நானே எண்ணெய் போட்டு நானே நிறுத்தினேன் என்று சொல்கிறவனுக்கு யார் பஸ்ஸை நம்பிக் கொடுப்பார்கள்?

ஆனாலும் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. "கண்டன்சர் இல்ல சார். என் கைதான்," என்றேன். எண்ணெய், கரி, பத்து மைல், அப்பாவின் டப்பா எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். வைஸ் பக்கம் ராவுகிற சத்தம் நின்றது. சொல்லிக்கொண்டே மூடியின் கிளிப்பில் விரலை வைத்துவிட்டேன். இப்போதே திறந்து காட்டுகிறேன் என்றேன்.

"கைய எடு," என்றார் போர்மேன்.

உள்ளே போய் பார்சலுக்கு வைக்கிற சிவப்பு அரக்கும் மெழுகுவத்தியும் கொண்டுவந்தார். மூடியும் மேக்னெட்டோவும் சேருகிற இடத்தில் அரக்கைச் சொட்டவிட்டு, தன் மேசைச் சாவியின் தலையை அதில் அழுத்தினார்.

"பத்து மணின்னேன். நீ வந்தது பன்னண்டு. அது ஒண்ணு. நீ சொல்றது நெசமான்னு எனக்குத் தெரியாது, அது ரெண்டு. தெனம் இருபது மைல் ஓட்டு. மூடியத் தொறக்காத. அடுத்த வெள்ளிக்கெழம இதே சீலோட பத்து மணிக்கு இங்க நிக்கணும். அன்னைக்குத்தான் ஆள் எடுப்பேன்."

திரும்புகிற வழியில் பத்தாவது மைலைத் தாண்டினேன், இருபதைத் தாண்டினேன், ஒரு இருமல் இல்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு மூடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் பைத்தியம் பிடித்தது.

இந்த உலகத்தில் எனக்கு மூடி வைத்த பொருளைப்போல ஒரு தண்டனை இல்லை. அந்த வாரம் முழுக்க நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆச்சி அரக்கைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கோர்ட்டுல ஜப்தி பண்ணிட்டாகளா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, சமையல்கட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வேலையை முடித்துவிட்டு எண்ணெய்த் துணியோடு வண்டியண்டை வந்தார். ஹாண்டில் பாரில் துருப் பூத்திருந்தது. அதை ஒரு இழுப்பு இழுத்தார். அடுத்து குனிந்தார். அந்த மூடிக்கு மட்டும் வேண்டாமப்பா என்றேன். ஏன் என்று நிமிர்ந்தார். ஆச்சி வீட்டில் ஊருக்கே தெரிந்த கதை அவருக்கு மட்டும் தெரியாது. நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் துணியைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது சொன்னேன்.

கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தார். "எண்ணெய் ஆகாத இரும்பு ஒண்ணு இருக்கா?"

"இருக்குப்பா."

"நான் பாத்ததில்ல," என்றார். துணியை மடித்து டப்பாவில் வைத்து மூடினார். கோபமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டப்பாவைக் கொட்டகையில் வைக்காமல் உள்முற்றத்து வளவு ஓரமாக வைத்திருந்தார். என் கைக்கு எட்டாத தூரம்.

புதன்கிழமை ஆத்தங்குடிப் பாதையில் இருமியது. சரியாக அந்தப் பட்டறை வாசலில். "வந்துட்டாரு," என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. திருப்புளி கையில் வந்துவிட்டது. அரக்கின் விளிம்பில் முனையை வைத்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். ஒரு நெம்பு. உள்ளே கறுத்திருந்தால் என் கண்டுபிடிப்பு பொய், வேலையும் இல்லை. வெளுத்திருந்தாலும் சீல் உடைந்துவிடும், வேலை இல்லை. எப்படியும் இல்லாத வேலைக்கு, பார்த்தாவது தொலைக்கலாமே என்று ஒரு மனசு.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். இந்த வண்டியோடு பழகிய இரண்டு மாதத்தில் மூடியைத் தவிர வேறு இடத்தைப் பார்த்து நின்றது அன்றுதான். பார்த்தால், பிளக் தலையில் ஒயரைப் பிடிக்கிற சின்ன நட்டு தளர்ந்து, ஒயர் ஆடிக்கொண்டிருந்தது. விரலாலேயே முறுக்கினேன். உதைத்தேன். பிடித்துக்கொண்டது. "இன்னைக்கு யாவாரம் இல்லையா?" என்றாள் அந்தப் பெண். இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் தடவையாக அங்கே சிரித்தேன்.

வியாழக்கிழமை வெயில் அரக்கை இளக்கிவிட்டது. சாவி முத்திரையின் விளிம்பு மழுங்கியது. ஈரச் சாக்கைப் போட்டு மூடி, பகல் முழுக்க அதை நனைத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீடு மாதிரி இருக்கிறது என்றார் ஆச்சி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை, அரக்குக்குப் பயந்து மெல்லவே ஓட்டினேன். காளையார்கோவில் தாண்டி சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் குனிந்து அரக்கைப் பார்த்தேன். ஒரு குழியில் அது குறுக்கே விரிசல் விட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். மயிரிழை விரிசல்தான். ஆனால் திறந்து மூடியவன் அரக்கும் அப்படித்தான் இருக்கும். என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? மீதித் தூரம் முழுக்க போர்மேனிடம் சொல்லப்போகிற வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டே போனேன். ஒர்க் ஷாப் வாசலில் இறங்கியபோது மணி எட்டே கால்.

போர்மேன் டீ கிளாஸோடு வந்தார். சார், இந்த விரிசல் வந்து, என்று ஆரம்பித்தேன். அவர் அரக்கைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் பெயர்த்து எறிந்தார். கிளிப்பைத் தள்ளி மூடியைத் திறந்து, கண்ணாடியை இறக்கி, குனிந்தார். எனக்குப் பார்க்க இடம் விடாமல் அவர் தலை மறைத்தது. ஒரு வெள்ளைத் தாளை மடித்து இரண்டு பொட்டுக்கும் நடுவில் விட்டு உருவி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

தாள் வெள்ளையாக இருந்தது. நடுவில் பென்சிலால் தொட்டதுபோல் ஒரு சாம்பல் கோடு, அவ்வளவுதான். எண்ணெய்க் கறை இல்லை.

"எண்ணெ பட்டிருந்தா தாளு காட்டிக்குடுத்துரும். அரக்கு ஒன்னியக் கட்டிப்போடத்தான்," என்றார். "திங்கக்கெழம எட்டு மணிக்கு வா. இந்த வண்டி வேணாம். கம்பெனி பஸ்ஸுல வா."

மூடியை என்னிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். வைஸ் பக்கமிருந்து அந்தப் பிட்டர், பெஞ்சில் கிடந்த எண்ணெய்ப் பஞ்சை எடுத்து என் பக்கமாக ஆட்டிக் காட்டினான். மாட்டினேன். துடைக்கவில்லை. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும், ஆச்சியிடம் வண்டியைத் திருப்பி விட வேண்டும், பங்குனி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. பறந்துகொண்டு வந்தேன். வண்டி இருமவில்லை, தும்மவில்லை, பத்தைத் தாண்டியது, பதினொன்றைத் தாண்டியது. பன்னிரண்டாவது மைலில் ஒரு புளியமரத்தடியில் நின்றது. அது நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன். அரக்குதான் போய்விட்டதே. மூடியைத் திறந்து, ஆசை தீரும்வரை பார்த்தேன்.